கலீசியாவுல நிக்கிற ஆர்மி யாரைப் பார்க்குது?

கேள்வி: அண்ணா, நாங்க ஏழு பேர் டிப்ளமசி போர்டு கேம் ஆடுறோம், வாரம் ஒரு டர்ன். நான் ஆஸ்திரியா. ஆட்டத்துல 1902 முடிஞ்சு போச்சு. யார்கிட்ட எத்தனை சென்டர்னு கணக்கு இது: ரஷ்யா 6, பிரான்ஸ் 6, நான் 5, ஜெர்மனி 5, இங்கிலாந்து 4, இத்தாலி 4, துருக்கி 4. ரஷ்யா ஆடுறது என் ஸ்கூல் ஃப்ரெண்ட். போன ஃபால்ல அவன் என் வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் பக்கத்துல இருக்கற கலீசியாவுக்குள்ள ஒரு ஆர்மியை கொண்டு வந்து வெச்சுட்டு, 'இது ஜெர்மனிக்காகடா, உனக்கில்ல'ன்னு சொல்றான். துருக்கி 'நான் இத்தாலி பக்கம் போறேன், உன்னை தொட மாட்டேன்'னு சொல்றான். இத்தாலி 'நாம ரெண்டு பேரும் ஒண்ணு'ன்னு சொல்லிட்டு வெனிஸ்ல ஒரு ஆர்மியை அப்படியே வெச்சிருக்கான். எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க. யாரு யாரோட கூட்டுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? 1901 ஸ்பிரிங்ல ரஷ்யாவும் துருக்கியும் ஒரே நேரத்துல கருங்கடலுக்கு ஓடி, ரெண்டு பேருமே உள்ள போக முடியாம பவுன்ஸ் ஆனாங்க. போன விண்டர்ல பிரான்ஸ் பிரெஸ்ட்ல ஒரு ஃப்ளீட் கட்டினான். போர்டு போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: தம்பி, போட்டோ அனுப்பினது நல்லதாப் போச்சு, ஏன்னா உங்க கடிதத்துல யார் என்ன சொன்னாங்கன்னு நிறைய இருக்கு, யாரோட எந்த காய் எங்க நிக்குதுன்னு ரெண்டு மூணுதான் இருக்கு, அதுலயே பாதி பிரச்சனை. நானும் முதல் தடவை ஆஸ்திரியாவாத்தான் ஆடினேன், வந்த மெசேஜ் எல்லாத்தையும் திரும்பத் திரும்ப படிச்சு இவன் உண்மை சொல்றானா அவன் சொல்றானான்னு மண்டையை உடைச்சுகிட்டேன், 1904 முடியறதுக்குள்ள என் பேர்ல ஒரு சென்டர் கூட இல்ல. அதனால இதை அக்கறையோடதான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஆடாதவங்களுக்காக ரெண்டு வரி. இது ஆலன் கால்ஹாமர்ன்னு ஒரு அமெரிக்கர் 1954-ல உருவாக்கி 1959-ல விற்பனைக்கு வந்த ஆட்டம். 1901-ல ஐரோப்பா, ஏழு வல்லரசு, மொத்தம் 34 சப்ளை சென்டர் (ஒரு சென்டருக்கு ஒரு காய் வெச்சுக்கலாம்), 18 புடிச்சா ஜெயிப்பு. காய் ரெண்டு வகை: ஆர்மின்னா தரைப்படை, ஃப்ளீட்டுன்னா கப்பல்படை. ஆட்டத்துல ஒரு வருஷத்துக்கு ஸ்பிரிங், ஃபால்னு ரெண்டு டர்ன், விண்டர்ல புதுக் காய் கட்டறது. தாயக்கட்டை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. எல்லாரும் பேசி முடிச்சு ஆர்டரை ரகசியமா எழுதி வெச்சு ஒரே நேரத்துல திறக்கணும். ஒரு காயோட பலம் ஒண்ணுதான், பக்கத்து காய் சப்போர்ட் கொடுத்தா ரெண்டு. தனியா யாரும் யாரையும் அசைக்க முடியாது, அதனாலதான் கூட்டணி.

சரி, உங்க போர்டு. முதல்ல எல்லாரும் பயப்படுற விஷயம்: ரஷ்யாவும் துருக்கியும் சேர்ந்துட்டாங்களா? இந்த ஜோடிக்கு ஆடுறவங்க ஜக்கர்நாட்டுன்னு பேரே வெச்சிருக்காங்க, நம்ம பூரி ஜகந்நாதர் தேர் இங்கிலீஷுக்குப் போய் ஆன வார்த்தைதான் அது, உருள ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம், முதல்ல நசுங்கறது ஆஸ்திரியா. இப்ப போட்டோவைப் பாருங்க. கருங்கடல் காலி. செவாஸ்டபோல் காலி. அந்தப் பக்கம் அங்காராவும் காலி, ஏன்னா துருக்கி அந்த ஃப்ளீட்டை கான்ஸ்டான்டிநோபிள் வழியா ஏஜியன் கடலுக்கு கொண்டு போயிட்டான், இன்னொரு ஃப்ளீட் கிழக்கு மத்தியதரைக் கடல்ல. 1901 ஸ்பிரிங்ல ரெண்டு பேரும் கருங்கடலுக்கு ஓடி பவுன்ஸ் ஆனாங்கன்னு எழுதியிருக்கீங்க, அது ஊருக்கு காட்டறதுக்காக பேசி வெச்சு மோதினதா கூட இருக்கலாம், எவ்வளவோ பேர் அப்படி செய்வாங்க. அதுக்கப்புறம் ஒரு வருஷமா ரெண்டு பேரும் வாசக்கதவை திறந்து போட்டுட்டு வெளியூர் போயிருக்காங்களே, அதுதான் எனக்கு சாட்சி. பக்கத்து வீட்டுக்காரன் மேல சந்தேகம் இருக்கறவன் யாரும் அப்படி விட்டுட்டு போக மாட்டான்.

ஆனா உடனே முடிவுக்கு வந்துடாதீங்க, இங்கதான் நான் உங்களை ரொம்ப கிட்ட போய் பார்க்க சொல்றேன். ருமேனியாவுல நிக்கிற ரஷ்யக் காய் என்ன? ஃப்ளீட். ஃப்ளீட் கடலோரத்துல மட்டும்தான் போகும், அதனால ருமேனியாவுலேர்ந்து அது போகக்கூடிய இடம் மூணே மூணு: கருங்கடல், செவாஸ்டபோல், பல்கேரியா. உங்க புடாபெஸ்டுக்குள்ளயும் செர்பியாவுக்குள்ளயும் அதால வர முடியாது, வர முடியாத இடத்துக்கு சப்போர்ட்டும் கொடுக்க முடியாது. அப்படின்னா உங்களுக்கு எதிரா அந்தக் காய் செத்த காய், அது மிரட்டுற ஒரே ஆளு துருக்கி. உங்களை அடிக்கணும்னா ரஷ்யா அந்த ஃப்ளீட்டை எடுத்துட்டு அங்க ஒரு ஆர்மியை வெக்கணும், உக்ரைன்ல ஒண்ணு ரெடியா நிக்குது. ஃப்ளீட்டை எடுத்தா எங்க வெப்பான்? கருங்கடல்ல. ரஷ்ய ஃப்ளீட் கருங்கடல்ல நின்னா துருக்கிக்கு தூக்கம் வராது, அங்காரா வேற காலி. என் கணக்குல இது இன்னும் முழு கூட்டணி ஆகல, இப்போதைக்கு 'நீ என்னை தொடாத, நான் உன்னை தொடல'தான். அதை உடைக்கிறதுக்கு உங்களுக்கு டைம் இருக்கு.

எவ்வளவு டைம்? ஒரு முழு ஸ்பிரிங். புடாபெஸ்டை தொடக்கூடிய எதிரி ஆர்மி கலீசியாவுல இருக்கற ஒண்ணே ஒண்ணுதான், சப்போர்ட் பண்ண ஆள் இல்ல. வியன்னாவும் அதே கதை. உங்க கிரீஸை மட்டும் துருக்கியோட ஏஜியன் ஃப்ளீட்டும் பல்கேரியா ஆர்மியும் சேர்ந்து ரெண்டு பலத்துல அடிக்கலாம், அதுக்கு செர்பியாலேர்ந்து கிரீஸுக்கு சப்போர்ட் எழுதிட்டா ரெண்டுக்கு ரெண்டு, நிக்கும். பல்கேரியா ஆர்மி உங்க சப்போர்ட்டை கட் பண்றதுக்கு செர்பியா மேல பாய்ஞ்சா கிரீஸை அடிக்கிற ஃப்ளீட் தனி ஆளாயிடும், அப்பவும் நிக்கும். நீங்களா எழுந்து நகர்ந்தா தவிர இந்த ஸ்பிரிங்ல ஒரு சென்டர் கூட போகாது. இதை பேப்பர்ல நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க, பயம் பாதி குறையும், பயம் குறைஞ்சாத்தான் பேச்சு சரியா வரும்.

ஃபால்தான் ஆபத்து. ருமேனியாவுல ஆர்மி வந்துட்டா கலீசியா சப்போர்ட்டோட புடாபெஸ்ட் மேல ரெண்டு பலம் விழும். உங்களுக்கு வியன்னாவும் ட்ரியெஸ்டும் சப்போர்ட் கொடுக்கலாம், ஆனா செர்பியாவுக்கும் கிரீஸுக்கும் அதே நேரத்துல ஆள் வேணும்ங்கறப்போ ட்ரியெஸ்ட் ஆர்மி ரொம்ப முக்கியம். அந்த ஆர்மியோட சப்போர்ட்டை ஒரே ஒருத்தன் கட் பண்ணலாம், வெனிஸ்ல இருக்கற இத்தாலி ஆர்மி, ட்ரியெஸ்டை புடிக்கணும்னு கூட அவசியம் இல்ல, சும்மா ஒரு இடி இடிச்சாலே சப்போர்ட் போச்சு. நீங்க கலீசியாவையே பார்த்துகிட்டு இருக்கீங்க, நான் வெனிஸைத்தான் பார்க்கறேன்.

இத்தாலி எந்தப் பக்கம்? அவன் 'நாம ஒண்ணு'ன்னு சொன்னதை விடுங்க, அவனுக்கு எதுல பயம் இருக்குன்னு பாருங்க. ரெண்டு துருக்கி ஃப்ளீட்டும் அயோனியன் கடலை தொட்டுகிட்டு நிக்குது. நீங்க விழுந்தா அடுத்தது அவன்தான், அது அவனுக்கும் தெரியும். இன்னொரு பக்கம் பிரான்ஸ். போன விண்டர்ல பிரான்ஸ் ஃப்ளீட் கட்டினது பிரெஸ்ட்ல, மார்செய்ல்ஸ்ல இல்ல. இதை நீங்க ஒரு வரியில தாண்டிட்டீங்க, உங்க கடிதத்துலயே உங்களுக்கு ரொம்ப உதவற தகவல் எனக்கு அதுதான். பிரெஸ்ட் ஃப்ளீட் இங்கிலாந்துக்கு, மார்செய்ல்ஸ் ஃப்ளீட்டா இருந்தா இத்தாலிக்கு. முதுகுல யாரும் இல்லாத இத்தாலி கிழக்க திரும்ப முடியும். அவனுக்கு உங்க நட்பு தேவையா இருக்கு, அந்தத் தேவையை நான் நம்புவேன்.

அதனால அவன்கிட்ட பெரிய ஒப்பந்தம் எல்லாம் பேச வேணாம், ஒரே ஒரு மூவ் கேளுங்க: வெனிஸ் ஆர்மி இத்தாலியோட தெற்கு மூலையில இருக்கற அபூலியாவுக்கு போகணும். அவனுக்கு அது நஷ்டம் இல்ல, அங்கேர்ந்து பின்னாடி கப்பல் ஏறி துருக்கி பக்கம் போகலாம். பதிலுக்கு நீங்க கிரீஸ் ஃப்ளீட்டை வெச்சு அவனோட அயோனியன் ஃப்ளீட்டுக்கு சப்போர்ட் கொடுங்க. சப்போர்ட் கொடுக்கிற காயும் இருந்த இடத்துல நிக்கறதா தான் கணக்கு, செர்பியாவோட சப்போர்ட் கிரீஸுக்கு அப்பவும் செல்லும், ஒரே ஆர்டர்ல நண்பனும் கிடைச்சான் காவலும் ஆச்சு. ஆர்டர் படிக்கிறப்போ ஏழு பேரும் அதைக் கேப்பாங்க, அது ரொம்ப நல்லது.

ஜெர்மனிகிட்ட நிறைய எதிர்பார்க்காதீங்க, பெல்ஜியத்துல பிரான்ஸ் வந்து உக்காந்திருக்கான், அவனுக்கு அந்தக் கவலையே போதும். ஒரு ஆர்மி மட்டும் பெர்லின்லேர்ந்து சைலீசியாவுக்கு வர முடியுமான்னு கேளுங்க. வந்துட்டா வார்சாவுல இருக்கற ரஷ்ய ஆர்மி கலீசியாவுக்கு நிம்மதியா சப்போர்ட் கொடுக்க முடியாது, சைலீசியாலேர்ந்து ஒரு இடி, கட். 'கலீசியா ஆர்மி உனக்காகன்னு சொல்றான், உண்மையா?'ன்னு கேட்டாலே போதும். ஜெர்மனியை அடிக்க வார்சாவுலேர்ந்தே நேரா சைலீசியாவும் பிரஷ்யாவும் போகலாமே, கலீசியா சுத்தி எதுக்கு போகணும், அவனுக்கே புரியும். இங்கிலாந்தை விடுங்க, பிரான்ஸோட பிரெஸ்ட் ஃப்ளீட்டும் ரஷ்யாவோட செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆர்மியும் சேர்ந்து அவனை இப்ப அசைய விடாது.

துருக்கிகிட்ட பொய் சொல்லணும்னு அவசியமே இல்ல. போர்டைக் காட்டி 'அங்காரா காலி, ருமேனியாவுல ஃப்ளீட், அது என்னை தொடவே முடியாது, பின்ன யாருக்கு?'ன்னு கேட்டு விட்டுடுங்க.

இப்ப உங்க ஃப்ரெண்டு. ஒரே ஒரு மூவை வெச்சு ரஷ்யாவை எடை போடாதீங்க, ஏன்னா ருமேனியா ஃப்ளீட் கருங்கடலுக்கு போச்சுன்னா அது துருக்கியை அடிக்கவும் இருக்கலாம், உங்களை அடிக்க இடம் காலி பண்ணவும் இருக்கலாம், பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். கூடவே உக்ரைன் ஆர்மி எங்க போச்சுன்னு பாருங்க. அது செவாஸ்டபோலுக்கு இறங்கி, கலீசியா ஆர்மியும் வெளிய போனா துருக்கிதான் குறி, அவன் உங்ககிட்ட சொன்னது உண்மை, தாராளமா சேர்ந்து ஆடுங்க. உக்ரைன் ஆர்மி ருமேனியாவுக்கு வந்து, கலீசியா அசையாம நின்னு, துருக்கியோட கான்ஸ்டான்டிநோபிள் ஆர்மி அங்காராவைக் காப்பாத்த திரும்பி ஓடாம இருந்தா, மூணு காயும் பேசி வெச்சு ஆடின மாதிரி தெரியுதா, அதுதான் தேர் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம்.

2022-ல மெட்டா கம்பெனி சிசரோன்னு ஒரு ஏஐ பண்ணி இந்த ஆட்டத்தை மனுஷங்களோட 40 தடவை ஆட விட்டாங்க, ஒண்ணுக்கு மேல ஆடினவங்கள்ல முதல் 10 சதவீதத்துல வந்துச்சு. அதுவும் பேச்சையும் போர்டையும் சேர்த்து வெச்சு இவன் அடுத்து என்ன ஆர்டர் எழுதுவான்னுதான் கணிச்சுது. நீங்களும் ஏழு பேருக்கும் அவங்க இடத்துல உக்காந்து ஆர்டர் எழுதிப் பாருங்க, உங்க ஃப்ரெண்டுக்கு ரெண்டு விதமா எழுதுங்க, ஒரு ராத்திரி வேலைதான்.

அவன் உங்களை குத்தினாலும் அது அவன் ரஷ்யாவா இருந்து எழுதின ஆர்டர், உங்க ஸ்கூல் ஃப்ரெண்டா இருந்து எழுதினது இல்ல. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இதைப் பேசிக்கலேன்னா இந்த வாரமே டீக்கடையில வெச்சு பேசிடுங்க, போர்டு பக்கத்துல வெச்சு வேணாம்.

1903 ஸ்பிரிங்குக்கு என் ஆர்டர்: புடாபெஸ்ட் அப்படியே நிக்கட்டும், வியன்னாவும் ட்ரியெஸ்டும் புடாபெஸ்டுக்கு சப்போர்ட், செர்பியா கிரீஸுக்கு சப்போர்ட், கிரீஸ் அயோனியனுக்கு சப்போர்ட். ஆர்டர் எல்லாம் திறந்து படிச்சதும் முதல்ல வெனிஸைப் பாருங்க, அந்த ஆர்மி எங்க போச்சுன்னு எனக்கு எழுதுங்க, ஃபால் ஆர்டரை அதை வெச்சு சேர்ந்தே போடுவோம்.