தொலைந்த டிரில் சார்ஜருக்குப் பதிலாகப் பைக் பேட்டரி சார்ஜரைப் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பாவின் பழைய 12 வோல்ட் கார்ட்லெஸ் டிரில், 1.2 ஆம்பியர்-ஹவர் நிக்கல்-காட்மியம் பேட்டரி. சார்ஜர் தொலைந்துவிட்டது. வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரிலோ பைக் பேட்டரி சார்ஜரிலோ சார்ஜ் ஏற்றலாமா?

இரண்டும் வேண்டாம். அடாப்டரால் பேட்டரி நிறையாது, அவ்வளவுதான். பைக் சார்ஜர் ஆபத்து.

நான் பவர் டூல் ரிப்பேர் செய்பவன். தொழிலுக்கு வந்த புதிதில் இதே தவறைச் செய்திருக்கிறேன். இதுவும் 12, அதுவும் 12 என்று நினைத்து, ஒரு வாடிக்கையாளரின் டிரில் பேட்டரியை ஈய-அமில சார்ஜரில், அதாவது பைக் பேட்டரி சார்ஜரில், மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது கூட்டில் கை வைக்க முடியாத சூடு. பிரித்துப் பார்த்தால் செல்களின் மேலுறை சுருங்கியிருந்தது, இரண்டு செல்களின் தலையில் ஈரம் கசிந்திருந்தது. அந்த ஈரம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் நம்பிக் கொடுத்தவரின் பொருளைக் கெடுத்துவிட்டோமே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

அன்று என்ன நடந்தது என்றால், அந்தப் பேக்கில் 1.2 வோல்ட் செல்கள் பத்து வரிசையாக இருக்கின்றன. சார்ஜ் ஏறும்போது ஒவ்வொன்றும் 1.45 வோல்ட் வரை போகும், மொத்தம் 14.5. செல் நிறைந்த பிறகு உள்ளே போகும் கரண்ட்டைச் சேமிக்க இடமில்லை. நேர்முனையில் ஆக்சிஜன் உண்டாகி, எதிர்முனையில் இருக்கும் காட்மியத்தோடு சேர்ந்து, அத்தனையும் சூடாக மாறுகிறது. சூடு ஏறினால் இந்தச் செல்லின் வோல்டேஜ் குறையும். பைக் சார்ஜர் வோல்டேஜை மட்டுமே பார்க்கிறது. குறைந்ததைக் கண்டதும் 'இன்னும் நிறையவில்லை' என்று கூடுதல் கரண்ட்டைத் தள்ளும். அதனால் இன்னும் சூடு, இன்னும் கரண்ட். லித்தியம் சார்ஜரும் வோல்டேஜைப் பார்த்து நிறுத்துவதுதான், அதையும் மாட்டாதீர்கள்.

நிக்கல்-காட்மியத்துக்குக் கரண்ட்டைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது உங்கள் பேட்டரிக்கு 120 மில்லி ஆம்பியர், 14 முதல் 16 மணி நேரம். பத்து மணி நேரம் போதாதா என்று தோன்றும். போகும் கரண்ட் முழுவதும் சேமிப்பாவதில்லை, ஏறக்குறைய 1.4 மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மெதுவான வேகத்தில் ஓரிரு மணி நேரம் கூடினாலும் செல் தாங்கும். அதற்காக நாள்கணக்கில் மாட்டி வைக்கக் கூடாது. விடிகாலையில் போட்டால் இரவு படுப்பதற்குள் எடுத்துவிடலாம். துணி, பேப்பர் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வெறும் தரையில் வையுங்கள்.

சார்ஜர் வாங்குவதானால் 'நிக்கல்-காட்மியம், 10 செல்' என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏற்றும் ரகம் என்றால், நிறைந்ததும் செல்லுக்கு 10-20 மில்லிவோல்ட் குறைவதைக் கண்டுபிடித்துத் தானாக நிறுத்துவதாக இருக்க வேண்டும். உங்கள் பேக்கில் மூன்றாவதாக ஒரு முனை இருந்தால் அது பெரும்பாலும் சூடு பார்க்கும் சென்சாருக்கானது. அதை ஷார்ட் செய்துவிட்டு ஓட்டாதீர்கள்.

இந்த ரகச் சார்ஜர் கடைகளில் அரிதாகிவிட்டது. காட்மியம் நச்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் கார்ட்லெஸ் டூல்களுக்குக் கொடுத்திருந்த விலக்கை 2016-ஓடு முடித்துவிட்டது, டூல் தயாரிப்பாளர்களும் லித்தியத்துக்கு மாறிவிட்டார்கள். கிடைக்காவிட்டால், சால்டரிங் தெரிந்தவர் அரை மணி நேரத்தில் ஒன்று செய்து தருவார். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர், எல்எம்317 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி ஒன்று, அதன் அவுட்புட் முனைக்கும் அட்ஜஸ்ட் முனைக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர். அட்ஜஸ்ட் முனையிலிருந்து ஒரு டயோடு வழியாகப் பேட்டரியின் பிளஸ். 1.25 வோல்ட்டைப் பத்தால் வகுத்தால் 125 மில்லி ஆம்பியர், அதற்கு மேல் போகாது. ஐசிக்குச் சின்ன ஹீட் சிங்க் அவசியம். இது தானாக நிற்காது என்பதால் ஒரு டைமரும் வையுங்கள்.

வேலை முடித்த கையோடு பேட்டரி சூடாக இருக்கும், ஆறவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். 45 டிகிரிக்கு மேல் ஏற்றவே கூடாது. மே மாத மதியத்தில் தகரக் கூரை ஷெட் அந்தச் சூட்டை நெருங்கிவிடும், வீட்டுக்குள் போடுங்கள்.

அப்புறம், உங்கள் டிரில் பல வருடம் சும்மா கிடந்தது என்கிறீர்கள். 120 மில்லி ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு செல்லையும் மல்டிமீட்டரில் பாருங்கள். பூஜ்யத்திலேயே நிற்கும் செல் உள்ளே ஷார்ட் ஆனது. கார் பேட்டரியிலிருந்து ஒரு அதிர்ச்சி கொடுத்தால் அது உயிர் பெறும் என்று வீடியோக்கள் காட்டுகின்றன. செய்யாதீர்கள், செல் வெடிக்கலாம். பிழைத்தாலும் பெரும்பாலும் சில நாளில் மறுபடி ஷார்ட் ஆகிவிடும். மாற்றும்போது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டால் நிக்கல்-காட்மியத்துக்கான வேகச் சார்ஜர் ஒத்துவராது. அந்தச் செல் நிறைந்ததும் வோல்டேஜ் குறைவது மிகச் சிறிது, சார்ஜர் கவனிக்காமல் விட்டுவிடும். கழற்றிய செல்களைக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

முழுதாக வடியாமலேயே அடிக்கடி சார்ஜ் போட்டால் கொள்ளளவு குறைந்துபோவதை 'மெமரி' என்பார்கள். அது போக வேண்டுமென்று பேட்டரியை அடியோடு வடிப்பவர்கள் உண்டு. வரிசையில் பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்றவை அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்துவிடும். டிரில் வேகம் குறைந்ததும் நிறுத்திவிடுங்கள், அதுவே போதும்.

பத்துச் செல்லின் வோல்டேஜையும் அளந்து இங்கே எழுதுங்கள். எத்தனை மாற்ற வேண்டியிருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.