வாசகர் கேள்வி – பதில்: ஆண்டு முழுவதும் மலையேற எந்தக் காலணி?

கேள்வி: நான் கடலூரில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன், வயது 46. தோழிகள் ஆறு பேர் சேர்ந்து மாதம் ஒரு முறை செஞ்சி, கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை என்று போய்வருகிறோம். மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கமும் போவதுண்டு. வரும் டிசம்பரில் உத்தராகண்ட் மாநிலத்துக் கேதார்காந்தா பனிமலைக்குப் போகவும் எண்ணம். எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி போதுமா? கணுக்காலுக்கு மேல் உயர்ந்த, தண்ணீர் புகாத, விலை கூடிய ஷூவைத்தான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். போன முறை ஆகாய கங்கை அருவிக்கு இறங்கியதில் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துவிட்டன.
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: நகம் கறுத்த செய்தியிலிருந்தே தொடங்குகிறேன், தண்ணீர் புகுமா, உயரம் எவ்வளவு என்ற கேள்விகளெல்லாம் அளவு சரியாக அமைந்த பிறகுதான் வர வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படிகளில் ஒவ்வொரு படிக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னே நழுவி, விரல் நுனி முன்பக்கத்தில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. பள்ளிக்குப் போட்டுப்போகிற அளவையே மலைக்கும் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நடக்க நடக்கப் பாதம் வீங்கும். ஆகவே நாள் முழுதும் நின்று பாடம் நடத்திய மாலை வேளையில், மலைக்குப் போடப்போகிற அதே தடித்த காலுறையைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். லேஸைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்குங்கள். ஒரு முறை விரல் இடித்தாலும் அந்த ஜோடியை வைத்துவிடுங்கள். "போடப் போடச் சரியாகிவிடும்" என்பார்கள். தோல் அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்குமே தவிர, நீளத்தில் விட்டுக்கொடுக்காது. படியேறும்போது குதிகால் தூக்கிக்கொண்டால் கொப்புளம் நிச்சயம். நனைந்த பருத்தித் துணி தோலை உராய்ந்து கொப்புளத்தை வரவழைப்பதால், பருத்திக் காலுறையையும் மலைக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள். கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை நல்லது.

அடுத்தது தண்ணீர். கடைக்காரர் சொல்லும் ஷூவில் தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். கோர்டெக்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். வெளியிலிருந்து வரும் நீர்த்துளியைத் தடுத்து, உள்ளிருக்கும் வியர்வை ஆவியை வெளியே விடுவது அதன் வேலை. ஆனால் உள்ளே வெம்மையும் ஈரமும் மிகுந்து, வெளியே குளிர்ந்தோ உலர்ந்தோ இருந்தால்தான் அந்த ஆவி வெளியே போகும். மே மாதத்துக் கல்வராயனில் வெளிக்காற்றே பாதத்தின் சூட்டோடு போட்டிபோடுகிறபோது வியர்வை எங்கே போகும்? உள்ளேயே தங்கிப் பாதத்தை ஊறவைக்கும். வால்பாறை மழையிலோ தண்ணீர் காலோடு வழிந்து மேல்வாய் வழியே உள்ளே இறங்கும். அதன்பின் சவ்வு அந்தத் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்படி நனைந்த ஜோடி உலர இரண்டு நாளாவது ஆகும். நம் மலைகளில் நனையாமல் நடப்பது அரிது என்பதால், நனைந்தாலும் விரைவில் உலர்கிற, சவ்வு இல்லாத, வலைத்துணி மேற்பாகம் கொண்ட ஷூவையே நான் பரிந்துரைப்பேன். அட்டைக்கு எந்த ஷூவும் தடையாகாது; முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறையைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

உயரம் பற்றிக் கடைக்காரர் சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். கணுக்காலை மூடும் ஷூ சரளைக் கல் உள்ளே விழாமல் காக்கும், முள்ளும் பாறையும் சிராய்க்காமல் தடுக்கும். கால் பிசகுவதையும் அது தடுத்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். எடையையும் பாருங்கள்: பாதத்தில் கூடும் ஒரு கிலோ முதுகில் கூடும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறுபவர்களிடையே நெடுநாள் வழக்கு.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் சோல்தான். 1935ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையில் தம் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலியர் வித்தாலே பிரமானி, அந்தத் துயரத்துக்குப் பிறகு உருவாக்கியதுதான் ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் சோல். அந்தச் சோலின் வணிகப் பெயரான விப்ரம், அவருடைய பெயரின் சுருக்கம். சேற்றிலும் ஈரமண்ணிலும் ஆழமான பற்கள் உதவும். செஞ்சியின் ராஜகிரியில் இருப்பதைப் போன்ற வழவழப்பான பாறையில் பல்லின் ஆழத்தைவிட ரப்பரின் மென்மைதான் பிடித்து நிறுத்தும். கட்டைவிரல் நகத்தால் சோலை அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது அமுங்க வேண்டும். குதியையும் நுனியையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். எளிதில் முறுக்கிக்கொண்டால் அது நடைப்பயிற்சி ஷூ.

கேதார்காந்தாவுக்கு இந்த ஜோடி உதவாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சுமார் 12,500 அடி உயரத்தில், பனியில் நடக்கும்போது ஈரமான பாதம் விறைத்துவிடும். அங்கே அந்தச் சவ்வும், கணுக்காலுக்கு மேலான உயரமும், விறைப்பான சோலும் தேவைதான். ஆண்டுக்கு ஒரு முறை போகும் பயணத்துக்காக அதை வாங்கி, மற்ற பதினொரு மாதமும் வியர்வையில் ஊறுவதைவிட, நண்பர்களிடம் இரவல் கேளுங்கள். அல்லது அடிவார ஊரில் வாடகைக்கு எடுங்கள். அங்கேயும் படியிறங்கிப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

புதிய ஜோடியை இரண்டு வாரம் வீட்டுப் பக்கமே பழக்குங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையோரச் சமதளத்தில் ஷூவின் குறை தெரியாது. கேப்பர் மலைச் சரிவில் ஏறி இறங்கினால் தெரிந்துவிடும்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் நல்ல விலை கொடுத்து வாங்கிய மலையேற்ற ஷூவை மூன்றே முறைதான் போட்டிருக்கிறேன். பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கிறது. வரும் மாதம் ஜவ்வாது மலைக்குப் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: சோதிக்காமல் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படிப் போனவன். முத்தியால்பேட்டை வீட்டு அலமாரியில் ஆறு ஆண்டுகள் பெட்டியோடு இருந்த ஜோடி அது. ஜவ்வாது மலையில் மூன்றாம் மணி நேரத்தில் வலது கால் ஷூ வாய் பிளந்தது. குனிந்து பார்த்தால், மேல்தோலும் அடி ரப்பரும் நன்றாகவே இருந்தன; இரண்டுக்கும் நடுவே இருந்த மெத்தை மட்டும் புட்டுமாவுபோல விரலோடு உதிர்ந்து வந்தது. எதிரே மாடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர், தம் பையிலிருந்த பழைய சைக்கிள் டியூபை இரண்டாகக் கிழித்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டதால்தான் நடந்து இறங்கினேன்.

பல மலையேற்ற ஷூக்களின் நடு சோல் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும்; வெம்மை அதை விரைவுபடுத்தும். ஆண்டில் பெரும்பகுதி ஈரக்காற்றும் வெம்மையும் நிறைந்த நம் கடற்கரை ஊர்களைவிட அதற்கு ஏற்ற இடம் வேறு வேண்டுமா! நடந்ததால் தேய்வது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. நடு சோலின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மயிரிழை வெடிப்புகளோ, அமுங்கிய குழி மீளாமல் நிற்பதோ, பிசுபிசுப்போ தென்பட்டால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். ஒன்றும் தென்படாவிட்டாலும், முதலில் வீட்டைச் சுற்றி நான்கைந்து நாள் சுமையோடு நடந்து பாருங்கள். சோலைச் சுற்றித் தையல் போட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கம். ஆனால் உதிர்கிற மெத்தையில் நூலுக்குப் பிடிப்பிருக்காது.

இனி வாங்கும்போது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். தள்ளுபடி விற்பனையில் வருவது பல நேரங்களில் பழைய சரக்காக இருக்கும். ஈ.வி.ஏ. என்னும் வகை நடு சோல் இப்படி உதிர்வதில்லை. நாளடைவில் அமுங்கித் தட்டையாகும், அவ்வளவே. வீட்டில் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைக்காமல், செய்தித்தாளைத் திணித்து, காற்றாடும் நிழலில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோல்மேல் பூஞ்சை படரும். வாரம் ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்துவிட வேண்டும். உச்சி வெயிலில் காயவைத்தால் பசை விட்டுப்போகும்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. வெள்ளியங்கிரிக்கு வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். செருப்பு அணியச் சொல்லலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டுதலை மாற்றச் சொல்ல நான் துணியமாட்டேன். வயல்வரப்பில் வெறுங்காலோடு நடந்து பழகியவர் என்றால் பாதம் தாங்கும். டைல்ஸ் தரையிலேயே இருந்தவர் என்றால், ஒரு மாதமாவது காலையில் மண்தரையில் நடந்து தோலைப் பழக்கட்டும். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் பேச்சு வேறு: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கல் குத்தியதே தெரியாது, அந்தப் புண் ஆறுவதும் கடினம். அப்படியென்றால் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டாமல் அனுப்பாதீர்கள். மற்றபடி, கையில் மூங்கில் தடி இருக்கட்டும். வார் வைத்த செருப்பு ஒரு ஜோடியைப் பையில் போட்டுக்கொடுங்கள். தரிசனம் முடிந்து இறங்கும்போது போட்டுக்கொள்ள அவருக்கே மனம் வரலாம்.