மால்ட் உடைக்கும் மில்லை ஓட்ட எந்த டிரில் சரி?

வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, உடைக்கும் மில்லின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு டிரில்லை மாட்டுவதுண்டு. அதற்கு வேகத்தைவிட முறுக்கு விசை, அதாவது தண்டைத் திருப்பும் பலம்தான் முக்கியம். மேடு ஏற வண்டியை முதல் கியருக்கு மாற்றுகிறோமே, அதுபோல: வேகம் குறையும், இழுவை கூடும்.

மில்லில் தானியத்தை நசுக்கும் உருளைகள் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று சுற்றினால் போதும். வேகம் கூடினால் உமி கிழிந்து தூளாகிவிடும். அந்த உமிதான் பின்னால் வடிகட்டியாக நிற்க வேண்டியது. அது தூளானால், உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாறு இறங்காமல் அடைத்துக்கொள்ளும். ஆகவே 13 மி.மீ. சக்கும் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் முனை) குறைந்த வேக கியரும் உள்ள, ஒயரில் ஓடும் டிரில்லாகப் பாருங்கள். முதலில் டிரில்லை ஓடவிட்டு, அப்புறம் தானியத்தைக் கொட்டுங்கள்.

வேகமான சிறிய டிரில்லின் ஸ்விட்சை மெல்ல அழுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஓட்டினால் உள்ளிருக்கும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.