கள்ளுக்கடை லாபமும் கால்பந்துச் சட்டையும்

லாப நோக்கமின்றி ஊர்மக்களே மதுவையும், சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் கஞ்சாவையும் விற்றால் தீங்கு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைய வாய்ப்புண்டு. ஆயினும் கடை யாருடையது என்பதைவிட, மிஞ்சும் பணத்தை யார் எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

மலேசியாவில், பினாங்கின் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் என் அப்பா. அங்கே கள்ளுக்கடையை நடத்தியது தோட்ட நிர்வாகம். லாபம் தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் வாங்கிய கால்பந்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடியதைப் பெருமையாகச் சொல்லும் அப்பா, சம்பள நாளன்று பாட்டி வெறும் அரிசிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாத்தாவை மறிக்கக் கள்ளுக்கடை வாசலில் நின்றதையும் அதே மூச்சில் சொல்வார். சட்டைக்கான காசு அந்தப் பையிலிருந்துதான் போயிருக்கிறது. 1947இல் கெடாவின் பிடோங் வட்டாரத்தில் கள்ளை எதிர்த்த தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்தபோது, இந்த நலநிதி அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை.

நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரம் இதைவிட நேர்மையான ஏற்பாடு. ஏறத்தாழ 40 ஆண்டுகள் மதுவிலக்கில் இருந்த அந்நகரில், 1944இல் மது விற்பனை ஓர் அறநிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் நிர்வாகிகளை ஊர்மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். லாபம் பள்ளிகளுக்கும் விளையாட்டுக்கும் போகிறது. தோட்டத் தொழிலாளிக்கு அந்த வாக்கு இருந்ததில்லை, வேறுபாடு சிறியதன்று. ஆனால் நன்கொடைக்குப் பழகிய மன்றங்கள், விற்பனை குறைய வேண்டும் என்று மனமார வாக்களிக்குமா என்ற ஐயம் எனக்கு இங்கும் தீரவில்லை. மது விற்பனையை லாப வரம்புள்ள ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, 1865இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் தொடங்கிய முறையிலும், உபரி வருவாய்க்கு நகராட்சியே பழகிவிட்டது என்ற குறை எழுந்தது.

கஞ்சாவைப் பொறுத்தவரை, ஜெர்மனி 2024இல் அனுமதித்த வளர்ப்புச் சங்கங்களே எனக்குத் தேவலாம் என்று படுகிறது. ஒரு சங்கத்தில் 500 பேருக்கு மேல் சேர முடியாது, ஒருவருக்கு மாதம் 50 கிராமே உச்சவரம்பு, விளம்பரம் கூடாது, வெளியாருக்கு விற்கவும் முடியாது. செலவுக்கு ஈடான சந்தா மட்டுமே என்பதால், பங்கிட்டுக்கொள்ள உபரி சேர்வதற்கு இடம் குறைவு.

மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டம் இருக்கும்வரை கஞ்சாவைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. மதுவுக்கு இப்படியோர் ஏற்பாடு வருமானால், மிஞ்சும் பணம் கோயில் திருவிழாவுக்கோ கால்பந்துக்கோ போகாமல், குடிநோய்ச் சிகிச்சைக்கும் குடியால் நொடித்த குடும்பங்களுக்கும் மட்டுமே போக வேண்டும் என்று விதியில் எழுதச் சொல்வேன்.