சாயமூட்டிய சூரிய மின்கலத்தில் திரவத்துக்குப் பதில் பாலிமர் ஜெல் வைத்தால் செயல்திறன் குறையாதா?

கொஞ்சம் குறையும். ஆனால் ஆய்வு மாணவனாக இந்த ஜெல்களோடு பழகியவன் என்ற முறையில், அந்த இழப்பை ஏற்றுக்கொள்வதே சரி என்பேன்.

இந்தக் கலத்தில் ஒளி பட்டதும் சாயம் தன் எலக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் கொடுத்துவிடுகிறது. கலத்தை நிரப்பும் திரவத்தில் கரைந்திருக்கும் அயோடைடு அயனி அந்த இழப்பை ஈடுசெய்து ட்ரை அயோடைடாகிறது. அது எதிர் மின்முனைக்குப் போய் எலக்ட்ரானைப் பெற்று மீண்டும் அயோடைடாகத் திரும்புகிறது. பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரைத் திரவமே இல்லாமல் உலர்வாக வைத்தால் இந்தப் போக்குவரத்து படுத்துவிடும், ஏனென்றால் அறை வெப்பநிலையில் அது பெருமளவு படிகமாக இறுகிக் கிடக்கும். ஜெல் அப்படியல்ல. நுங்கைப் போல, உள்ளே பெரும்பகுதி திரவம்தான். அதை ஒழுகாமல் பிடித்து வைக்கும் வலை மட்டுமே பாலிமர். அயனிகள் அந்தத் திரவத்தின் வழியாகவே நகர்கின்றன.

திரவத்தை ஏன் கைவிட வேண்டும்? நல்ல செயல்திறன் தரும் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானின் கொதிநிலை வெறும் 82 டிகிரி செல்சியஸ். வெயில் காயும் கூரையில் முத்திரை சற்று விட்டாலும் கரைப்பான் ஆவியாகிவிடும், கலம் செத்துவிடும். 2003இல் சுவிட்சர்லாந்தின் லோசானில், இவ்வகைக் கலத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கிராட்செலின் குழு, மெத்தாக்சிபுரோபியோநைட்ரைல் என்ற கரைப்பானைப் புளூரின் உள்ள ஒரு பாலிமரால் ஜெல்லாக்கி 6 சதவீதத்துக்கு மேல் செயல்திறன் எடுத்தது. 80 டிகிரியில் 1000 மணி நேரம் வைத்த பிறகும் தொடக்கச் செயல்திறனில் 94 சதவீதம் மிஞ்சியது. நீர் ஒட்டாத நீண்ட வால்கள் கொண்ட சாயத்துக்கும் அதில் பங்கு உண்டு. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அதுதான்.

பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற பாலிமரின் ஜெல்லில் தொடங்குவது எளிது. எத்திலீன் கார்பனேட், புரோப்பிலீன் கார்பனேட் ஆகிய கரைப்பான்களின் கலவையில் சூடாக்கிக் கரைத்தால் போதும். இலங்கையில் பேராதனையிலும் கண்டியிலும் இதைக் கொண்டு நிறைய நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

பலர் கவனிக்காமல் விடுவது நுண்துளைகளை. டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தின் துளைகள் சில பத்து நானோமீட்டர் அகலமே. ஜெல் இறுகிய பிறகு பூசினால் அது மேலேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் சாயத்துக்கு அயோடைடு எட்டாது. சூடாக, இளகிய நிலையிலேயே ஊற்றி ஊறவிடுங்கள்.

உங்கள் கலத்தில் மின்னோட்டம் குறைந்தால் முழு ஒளியிலும் பத்தில் ஒரு பங்கு ஒளியிலும் அளந்து, திரவக் கலத்தோடு ஒப்பிடுங்கள். மங்கிய ஒளியில் வித்தியாசம் சுருங்கினால் பெரும்பாலும் அயனிகளின் வேகம்தான் காரணம். பாலிமரின் அளவைக் குறையுங்கள். மங்கிய ஒளியிலும் வித்தியாசம் அப்படியே நீடித்தால் முதலில் துளைகளைச் சந்தேகியுங்கள்.