எடி ராபின்சனும் விசுவாசமும்: கடிதம்

வணக்கம் சார், ஹூஸ்டன்ல இருக்கேன். பையன் காலேஜ்ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடறான், என்எஃப்எல் (இங்கத்த புரொஃபஷனல் லீக்) கிடைக்காதுன்னு அவனுக்கே தெரியும், இப்ப கோச் ஆகப்போறேன்னு நிக்கறான். கேட்டா அந்தக் காலத்து ஃபுட்பால் கோச் எடி ராபின்சனைக் காட்டறான். ஒரே காலேஜுக்கு 56 வருஷம் விசுவாசமா இருந்தவராம். இந்தக் காலத்துல விசுவாசம் சோறு போடுமா? சம்பளமாவது ஒழுங்கா வருமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்க பையன் என்ன ஆகணும்னு நான் எப்படிங்க சொல்றது. ஆனா ராபின்சன் பேரை எடுத்துட்டீங்க, கொஞ்ச நாளா மண்டைக்குள்ள அவர்தான் ஓடிட்டிருக்கார்.

விசுவாசம்னு எவ்ளோ ஈசியா சொல்லிட்டீங்க! போறதுக்கு அவருக்கு வேற இடம் எங்க சார் இருந்துச்சு? அடுத்தவன் நிலத்துல விளைச்சலைப் பங்கு போட்டுக்கிட்டு விவசாயம் பண்ணினவரோட மகன், வளர்ந்தது பேட்டன் ரூஜ்ல, அதே ஊர்ல இருக்கற லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டியில கறுப்பருங்கறதால ஸ்டூடண்டா கூட அப்ப சேர முடியாது. லீலண்ட்னு ஒரு சின்ன கறுப்பர் காலேஜ்ல குவார்ட்டர்பேக்கா (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தறவர்) ஆடினார், படிச்சு முடிச்சதும் தீவன மில்லுல மணிக்கு 25 சென்ட் கூலி. 1941ல லூசியானாவுலயே இருக்கற கிராம்ப்ளிங்ங்கற கறுப்பர் காலேஜ்ல கோச் வேலை கிடைச்சப்ப வயசு 22. கோச்னா இப்ப மாதிரி பின்னாடி ஒரு பட்டாளமே நிக்கும்னு நினைக்காதீங்க, கிரவுண்டுல புல் வெட்டறது, பசங்க கணுக்காலுக்கு டேப் சுத்தறது, மேட்ச் முடிஞ்சா பேப்பருக்கு ரிப்போர்ட் எழுதறதுன்னு எல்லாம் அவரேதான். அடுத்த வருஷமே ஆடின 9 மேட்சுலயும் ஜெயிச்சாங்க, எதிர் டீம் எவனையும் ஒரு பாயிண்ட் எடுக்க விடல.

அதே காலத்துல பேர் வாங்கின வெள்ளைக்கார கோச் பியர் பிரையண்டைப் பாருங்க. அலபாமா யூனிவர்சிட்டியில ஆடினவர், மேரிலாண்ட், கென்டக்கி, டெக்சாஸ் ஏ அண்ட் எம்னு வேற யூனிவர்சிட்டியெல்லாம் கோச்சா சுத்திட்டு 1958ல அலபாமாவுக்கே கோச்சா வந்தார். அவருக்குப் போகவும் வரவும் இடம் இருந்துச்சு. காலேஜ் ஃபுட்பாலோட மேல் டிவிஷன்ல ஒரு கறுப்பர், வில்லி ஜெஃப்ரீஸ், முதல்முதலா ஹெட் கோச் ஆனதே 1979லதான், விச்சிட்டா ஸ்டேட் யூனிவர்சிட்டியில. அப்ப ராபின்சனுக்கு 60 வயசு! பிரையண்டோட 323 வெற்றியை 1985ல தாண்டி 408 வரைக்கும் போன மனுஷன் சார் அவர். பூட்டி வச்ச கதவையெல்லாம் மறந்துட்டு, ஆஹா என்ன விசுவாசம்னு மாலை போடறோம்.

அந்த காலேஜாவது விசுவாசமா இருந்துச்சா? தோல்வி வர ஆரம்பிச்சதும் 1996ல கிளம்பச் சொல்லி நெருக்கினாங்க, சத்தம் கிளம்பினப்புறம் போனாப் போகுதுன்னு ஒரு சீசன் குடுத்தாங்க.

ராபின்சன் காலங்காத்தால கையில மணியை ஆட்டிக்கிட்டே ஹாஸ்டல்ல பசங்களை எழுப்பி கிளாஸுக்கு விரட்டுவாராம். உங்க பையன் மயங்கினது அநேகமா இதுலதான், நல்ல பையன், திட்டாதீங்க.

சம்பளம் ஆரம்பத்துல கம்மிதான், ஊர் ஊரா மாறவும் வேண்டியிருக்கும். அதெல்லாம் விசாரிக்காமலா உங்ககிட்ட வந்து நின்னிருப்பான்? அவனையே கேளுங்க.