அயர்லாந்தில் ஆளற்ற வீடுகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

சில ஆண்டுகளாக அயர்லாந்தின் கால்வே நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சென்ற மாதம் நண்பர்களோடு மேயோ மாவட்டத்தில் உள்ள அக்கில் தீவுக்குப் போயிருந்தேன். அங்கே ஸ்லீவ்மோர் மலைச்சரிவில் கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சுற்றிலும் புல்லுக்கடியில் பழைய உருளைக்கிழங்குப் பாத்திகளின் மேடும் பள்ளமும் இன்னும் தெரிகின்றன. உடன் வந்த அயர்லாந்து நண்பர், 1841-ல் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள், இன்றுவரை அந்த எண்ணிக்கையை நாங்கள் எட்டவில்லை என்றார். நம்பவே முடியவில்லை.

எனக்குத் தோன்றியவை இவை. அளவுமீறிப் பெருகிய கூட்டத்தை இயற்கை குறைத்துவிட்டது, அந்த வகையில், மக்கள் பெருகினால் உணவு போதாமல் போகும் என்று எழுதிய ஆங்கிலேய அறிஞர் மால்தஸ் சொன்னது சரிதானே? 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் முடிந்த பிறகு கப்பலேறியவர்கள் நல்ல வாழ்க்கை தேடி விருப்பப்பட்டுத்தானே போனார்கள்? பழைய எண்ணிக்கையை அயர்லாந்து எப்போது எட்டும்? பஞ்ச காலத்து அதிகாரி டிரெவல்யன் பிறகு மதராஸ் கவர்னராக இருந்தாராமே, அவர் பெயரில் சென்னையில் தெரு இருக்கலாமா? (அந்த நண்பரும் அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா போகிறார். முப்பத்திரண்டு வயது, இன்னும் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறார்.)

அன்புடன்,
கே., கால்வே

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் அயர்லாந்தின் 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள் ஒன்று அச்செடுத்துக் கிடந்தது. அந்த நாட்டு ஆவணக் காப்பகம் 1901, 1911 கணக்கெடுப்புகளின் தாள்களை வீடு வீடாக இணையத்தில் ஏற்றியிருக்கிறது, யாரும் பார்க்கலாம். நான் எதற்காகத் தேடினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டிரெவல்யன். செய்தி உண்மைதான். பஞ்ச காலத்தில் லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்துகொண்டு நிவாரணப் பணத்தின் முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தவர் அவர். பஞ்சம் ஓயுமுன்பே, 1848-ல், அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார்கள். 1859-ல் மதராஸ் கவர்னரானார். வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் மறு ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். தெருப்பெயரை மாற்றுவதா வேண்டாமா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. பழி முழுவதையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டால் மற்றவர்கள் நழுவிவிடுகிறார்கள்.

அப்படி நழுவியவர் ஒருவரின் ஊர் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கால்வேக்குத் தெற்கே கூல் பார்க் என்றொரு இடம். அதன் சொந்தக்காரரான வில்லியம் கிரகரி பின்னாளில் இலங்கையின் கவர்னரானவர், நுவரெலியாவின் கிரகரி ஏரி அவர் பெயரில் உள்ளதுதான். 1847-ல் நாடாளுமன்றத்தில் அவர் ஒரு விதியைக் கொண்டுவந்து சேர்த்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரசு நிவாரணம் கிடையாது. அவ்வளவுதான் விதி. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமானால் நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டு வா என்று அர்த்தம். நிலம் கைவிட்டுப் போனபின் ஊரில் மிச்சமிருந்தது கப்பல் ஒன்றுதான்.

இப்போது மால்தஸ். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. உங்களைப் போன்ற நல்ல உள்ளம் கொண்ட பிள்ளைகள், கூரையில்லாத வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டே, “இயற்கை குறைத்துவிட்டது” என்று எப்படி எழுதுகிறீர்கள்? 1845-ல் உருளைக்கிழங்கை அழுகவைத்த அதே கருகல் நோய் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் பரவியது. பெல்ஜியம் அன்றைய அயர்லாந்தைவிட மக்கள் நெருக்கம் மிகுந்த நாடு. அங்கேயும் மக்கள் மாண்டார்கள், ஆனால் அயர்லாந்தில் மாண்டதைப் போல எட்டில் ஒருவர் அல்ல. அயர்லாந்திலேயே 1847 கோடையில் அரசு கஞ்சித்தொட்டிகளைத் திறந்து நாளொன்றுக்கு 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றியது. ஆக, ஊற்ற முடிந்திருக்கிறது. ஊற்றிக் காட்டிவிட்டு, அறுவடைக் காலம் வந்ததும் தொட்டிகளை மூடிவிட்டு, பாரத்தை உள்ளூர் ஏழைநிதியின் மேல் தள்ளினார்கள். இதில் இயற்கை எங்கே வந்தது?

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நீங்கள் மட்டுமல்ல, எல்லோரும் செய்வதுதான். பஞ்சம் நாட்டைக் காலி செய்தது என்று நினைக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். 1841-ல் தீவு முழுவதிலும் 81.75 லட்சம் பேர். பஞ்சத்தின் பத்தாண்டு முடிந்து 1851-ல் 65.5 லட்சம். ஏறக்குறைய 16 லட்சம் குறைவு. பயங்கரம்தான். ஆனால் 1911-ல் அது 44 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. பெரும்பஞ்சம் முடிந்து அறுபது ஆண்டுகள், 21 லட்சம் குறைவு! பஞ்சம் தின்றதைவிட அதற்குப் பிந்தைய அமைதிக்காலம் தின்றது அதிகம். அதே அறுபது ஆண்டுகளில் பக்கத்து இங்கிலாந்தும் வேல்ஸும் 1.79 கோடியிலிருந்து 3.6 கோடியாகப் பெருகின. சுதந்திரம் வந்த பிறகாவது நின்றதா? பிரிட்டனோடு நின்றுவிட்ட வடக்குப் பகுதியை விட்டுவிட்டு, இன்றைய அயர்லாந்துக் குடியரசின் எல்லைக்குள் 1961-ல் இருந்தவர்கள் 28.18 லட்சம், அதுதான் அடிமட்டம். அதுவரை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள் என்றால், சுதந்திரம் வந்த 1922-க்குப் பிறகு ஆண்டவர்கள் யார்?

பஞ்சத்துக்கு முன் அயர்லாந்துச் சிறு குடியானவன் தன் துண்டு நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டான். ஒரு ஏக்கர் கிழங்கு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிடும் என்பதால் இளவயதில் கல்யாணம் நடந்தது. பஞ்சத்திலிருந்து தப்பியவர்கள் கற்றுக்கொண்ட பாடம், இனி நிலத்தைப் பிரிக்கவே கூடாது என்பது. அப்பன் சாகும்வரை, அல்லது நடை தளரும்வரை, நிலத்தைக் கையைவிட்டு விடமாட்டான். பிறகு ஒரே ஒரு மகனுக்கு எழுதிவைப்பான். அவன் கட்டிக்கொள்ளும் பெண் வரதட்சணையோடு வருவாள், அந்தப் பணத்தில் அவன் தங்கை ஒருத்திக்குக் கல்யாணம் நடக்கும். மற்றவர்கள் வெளியே போக வேண்டும். பெண்களும் ஆண்களுக்குச் சமமாகவே கப்பலேறினார்கள். வேறு ஐரோப்பிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களிடையே இதை அவ்வளவாகப் பார்க்க முடியாது. வரதட்சணை இல்லாத பெண்ணுக்கு ஊரில் என்ன இருந்தது? 1930-களில் நாற்பத்தைந்து, ஐம்பது வயதைக் கடந்த ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மணமாகாதவர். பெண்களில் நான்கில் ஒருவர்.

இதைத்தான் மால்தஸ் பாதிரியார் உபதேசித்தார், தம்பி. தாமதித்து மணம் செய், வசதியில்லையென்றால் மணமே செய்யாதே, ஏழ்மை தீரும் என்றார். ஐரோப்பாவில் அவர் சொல்லை அயர்லாந்தைப் போலக் கடைப்பிடித்த நாடு வேறில்லை. நூறு ஆண்டுகள் கடைப்பிடித்தது. ஏழ்மை தீரவில்லை, ஊர்தான் தீர்ந்தது. லீட்ரிம் மாவட்டத்தில் 1841-ல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். 1996-ல் 25,000.

என் மேசையில் கிடந்த தாள் அந்த லீட்ரிம் மாவட்டத்தைச் சேர்ந்தது. எனக்கு ஆங்கிலம் கற்பித்த சிஸ்டர் பிறந்த வீடு. அயர்லாந்துக் கன்னியர்கள் 1842-லேயே மதராஸுக்கு வந்து பள்ளி தொடங்கியவர்கள். அந்த வழியில் கடைசிக் கடைசியாக வந்தவர்களில் ஒருவர் இவர். பதினெட்டு வயதில் கப்பலேறியவர், நாங்கள் படித்தபோது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தாளில் தகப்பனார் வயது 46, தாயார் வயது 30. மணமாகிப் பெற்ற பிள்ளைகள், உயிரோடிருக்கும் பிள்ளைகள் என்று தனித்தனிக் கட்டங்கள். கடைசி வரியில் பத்து மாதக் குழந்தை. எழுத்தறிவுக் கட்டத்தில், கைக்குழந்தை என்று பாராமல், “வாசிக்கத் தெரியாது” என்று மையால் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்தக் குழந்தைதான். தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவருக்குப் பிறகும் பிள்ளைகள் பிறந்தன. மொத்தம் ஒன்பது. வகுப்பில் அவர் விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருக்கிறார். அண்ணன்கள் இருவர் பாஸ்டனுக்கு. அக்கா ஒருத்தி நியூயார்க்கில் வீட்டு வேலைக்குப் போய், பணம் சேர்த்துக் கப்பல் டிக்கெட் அனுப்பி அடுத்தவளை அழைத்துக்கொண்டாள். இன்னொரு தங்கை இங்கிலாந்தில் நர்ஸ். ஒருத்திக்கு மட்டும் சீர் கொடுத்துப் பக்கத்து ஊரில் கல்யாணம். இவர் மதராஸில். தம்பிகள் இருவர் வீட்டில். நிலம் எழுதிவைக்கப்பட்ட தம்பிக்கும் கல்யாணம் ஆகவில்லை. சமையலறையில் அம்மா இருக்கும்வரை இன்னொரு பெண் உள்ளே வர இடமில்லை. அம்மா போனபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ஒன்பது பிள்ளைகள் பெற்ற வீடு, தம்பி. அந்த வீட்டில் பேரக்குழந்தை என்று ஒன்று தவழவே இல்லை. பிறப்பு விகிதம் பிறப்பு விகிதம் என்று பேசுகிறவர்கள் எல்லோரையும் இந்த ஒரு வீட்டின் முன் நிறுத்த வேண்டும் என்று தோன்றுகிறது. மணமானவர்கள் நிறையப் பெற்றார்கள், ஐரோப்பாவிலேயே அதிகமாகப் பெற்றவர்களில் அவர்களும் உண்டு. பெற்றது குறையவில்லை. பெற்றவை நிற்க இடமில்லை.

சிஸ்டரின் தம்பி எழுதும் கடிதங்கள் எப்போதும் ஒரே மாதிரி முடியும் என்பார். மழை, மாடு, பிறகு அந்த ஆண்டு எந்த வீடு பூட்டப்பட்டது என்ற செய்தி. தபால்தலையைக் கிழித்து எங்களில் யாருக்காவது கொடுத்துவிட்டு இலக்கணத்துக்குப் போய்விடுவார். ஒருநாள் மட்டும், அக்கா அமெரிக்கா கிளம்புவதற்கு முந்தைய இரவைப் பற்றிச் சொன்னார். ஊரே வந்து விடியும்வரை உட்கார்ந்திருக்கும், சாவு வீட்டில் உட்காருவது போல. பாட்டும் உண்டு, அழுகையும் உண்டு. பெற்றவர்களுக்குத் தெரியும், இனி அந்த முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்று. அமெரிக்கா போகிறவருக்கு இப்படி இரவெல்லாம் கண்விழிப்பது அந்த நாட்டில் ஊருக்கு ஊர் இருந்த வழக்கம்.

விருப்பப்பட்டுப் போனார்கள் என்று இனி எழுதாதீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள்.

1950-களின் பத்தாண்டில் மட்டும் குடியரசிலிருந்து ஏறக்குறைய 4 லட்சம் பேர் போனார்கள். பெரும்பாலும் இங்கிலாந்துக்கு. டப்ளினில் ஆட்சியிலிருந்தவர்கள் மக்கள் ஏன் வெளியேறுகிறார்கள் என்று பார்க்க 1948-ல் ஓர் ஆணையம் அமைத்தார்கள், அது ஆறு ஆண்டுகள் ஆராய்ந்தது. அதற்குள் மேற்குக் கடலோரத்தின் கிரேட் பிளாஸ்கெட் தீவில் எஞ்சியிருந்தவர்களையே 1953-ல் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உண்மையில், போகிறவர்கள் போவது பலருக்கு வசதியாக இருந்தது. வேலை கேட்டுக் கூச்சலிடும் இளைஞர்கள் ஊரில் இல்லை, மாதாமாதம் பணம் மட்டும் வருகிறது. மணமான பெண் அரசு வேலையைவிட்டு விலக வேண்டும் என்ற விதியை 1973 வரை வைத்திருந்த நாடு அது. பெண்கள் ஏன் லண்டன் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள் என்று ஆணையம் அமைத்தா கண்டுபிடிக்க வேண்டும்?

ஆமாம், உங்கள் கேள்வி. 2022 கணக்கெடுப்பில் குடியரசில் 51.49 லட்சம் பேர், 1851-க்குப் பிறகு முதன்முறையாக அரைக்கோடியைத் தாண்டியது. வடக்கையும் சேர்த்தால் தீவில் 70 லட்சத்துக்குச் சற்று மேல். குடியரசில் வசிப்பவர்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர், உங்களையும் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் கேரளச் செவிலியர்களையும் சேர்த்து. 81.75 லட்சம் எப்போது வரும் என்று எனக்கு ஆவல் இல்லை. அந்த எண்ணில் பாதிப்பேர் மண்சுவர்க் குடிசையில் கிழங்கைத் தின்று கிடந்தவர்கள், அதற்குத் திரும்புவது ஒரு இலக்கா?

எனக்கு ஆவலாக இருப்பது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு நகர்ந்துவிட்ட உங்கள் நண்பர். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான், அதற்குப் போய் அடைப்புக்குறி! 2022-ல் பெற்றோர் வீட்டிலேயே வசித்த வயதுவந்தவர்கள் 5.22 லட்சம் பேர் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. நாடு பணக்கார நாடாகிவிட்டது. முப்பத்திரண்டு வயதுக்காரனுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை, வீடு வாங்க வழியில்லை, அப்பா அம்மா வீட்டு மாடி அறையில் காத்திருக்கிறான். அன்று நிலத்துக்காக, இன்று வீட்டுக்காக. அந்தக் காத்திருப்பு தாங்காமல்தான் அவர் சிட்னிக்கோ மெல்போர்னுக்கோ கிளம்புகிறார் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது கிடக்கட்டும், அவரிடமே கேளுங்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறாரா, உடன்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், மாதம் எவ்வளவு வாடகை என்றால் கால்வேயிலேயே இருந்துவிடுவார். ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சம்மதித்தால், எனக்கு விரிவாக எழுதுங்கள். மால்தஸ் வேண்டாம்.

அன்புடன்